200 நிமிடங்களை யாருக்குப் பங்கிடுவது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த விளையாட்டுக் கேள்விகளில் பெரும்பாலானவை பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றியவை. அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும், இங்கே தென்னாப்பிரிக்காவில் டர்பன் வட்டாரப் பல்கலைக்கழக அணிகளில் ஆடும் மாணவியரும், தொலைக்காட்சியில் மட்டும் பார்த்து ரசிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆடுகளத்தில் கழியும் நேரத்தையும் பெஞ்சில் கழியும் நேரத்தையும் எப்படிப் புரிந்துகொள்வது என்பதே ஏறக்குறைய எல்லாக் கடிதங்களின் உட்பொருள் என்பதால், இம்முறை மற்ற விளையாட்டுகளுக்கு இடம் தரவில்லை.

கேள்வி: என் மகள் இங்கே பள்ளி அணியின் தலைவியாக இருந்தவள். விளையாட்டு உதவித்தொகை பெற்று, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், கல்லூரி விளையாட்டின் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை நாங்கள் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து பார்க்கிறோம். அவள் ஐந்தாறு நிமிடம்தான் ஆடுகிறாள். சில நாட்களில் களம் இறங்குவதே இல்லை. அவளிடம் என்ன குறை? பயிற்சியாளருக்கு நாங்கள் கடிதம் எழுதலாமா?
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: கடிதம் எழுத வேண்டாம், அம்மா. அங்கே அது மகளுக்கு உதவுவதைவிட அவளைச் சங்கடப்படுத்துவதற்கே வாய்ப்பு அதிகம். கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும். என்ன கேட்கலாம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து தலா 10 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகளாக ஆடப்படுகிறது. மொத்தம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆகவே ஒரு பயிற்சியாளரிடம் பங்கிடுவதற்கு இருப்பவை 200 நிமிடங்கள் மட்டுமே. வீட்டில் அளந்து வைத்த அரிசியைப் போல, ஒருவருக்குக் கூடுதலாக வைத்தால் மற்றொருவருக்குக் குறைந்தே தீரும். தொடக்க ஐவர் தலைக்கு 32 நிமிடம் ஆடினால் அதிலேயே 160 போய்விடும். மிச்சமுள்ள 40 நிமிடத்தைப் பத்துப் பேருக்குச் சமமாகக் கொடுத்தால் ஆளுக்கு 4 நிமிடம். எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் சமமாகக் கொடுப்பதில்லை. நம்பிக்கைக்குரிய மூவருக்குத் தலா 13 நிமிடத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை உட்கார வைப்பதே வழக்கம். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், முதலாண்டிலேயே ஐந்தாறு நிமிடம் பெறும் உங்கள் மகள் எட்டாவது, ஒன்பதாவது இடத்துக்குப் போட்டியிடுகிறாள் என்று பொருள். அது குறை அல்ல.

இன்னொன்றும் உண்டு. நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகளில் பெரும்பாலோர் நெட்பாலுக்குப் போய்விடுவதால், கூடைப்பந்தில் ஓரளவு திறமையும் உயரமும் உள்ள மாணவி எளிதில் அணியின் மையமாகிவிடுகிறாள். பந்து அவளிடமே வரும், அவளே எறிவாள், எதிரணியின் சிறந்த வீராங்கனையையும் அவளே தடுப்பாள். கல்லூரியில் அவளைப்போல் தத்தம் பள்ளியில் மையமாக இருந்தவர்கள் மட்டுமே வந்து சேர்கிறார்கள். பந்து கையில் இல்லாதபோது எங்கே நிற்பது, சகவீராங்கனை ஏமாந்துவிட்டால் உதவித் தடுப்புக்கு எந்தக் கணத்தில் நகர்வது, எறிவதற்குள்ள 30 விநாடிக் கெடுவான ஷாட் கிளாக்கில் எப்போது எறியாமல் இருப்பது ஆகியவற்றையெல்லாம் அவள் முதன்முறையாகக் கற்கிறாள். முதலாண்டு மாணவியரின் நிமிடங்களை அதிகம் தின்பது எறிதல் அல்ல, தடுப்பாட்டம்தான் என்பது பல பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி.

வெளிநாட்டிலிருந்து போன ஒருவரின் வரலாறு உங்களுக்குப் பயன்படும். பிரேசிலின் கமிலா கார்டோசோ பதினைந்து வயதில் அமெரிக்கா சென்றவர். சிராக்கூஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டிலேயே அவர் ஆடிய ஏசிசி லீக்கின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். பின்பு சவுத் கரோலினா பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது, அங்கே நட்சத்திர வீராங்கனை ஆலியா பாஸ்டன் இருந்ததால் பெஞ்சிலிருந்து இறங்குபவரானார். 2022-23இல் அவருக்குக் கிடைத்த விருது, எஸ்இசி லீக்கின் சிறந்த ஆறாவது வீராங்கனை, அதாவது பெஞ்சிலிருந்து இறங்குபவர்களில் சிறந்தவர் என்பது. பாஸ்டன் பட்டம் பெற்றுப் போன அடுத்த பருவத்தில் அவர் தொடக்க ஐவரில் ஒருவரானார், அணி 38 ஆட்டங்களிலும் வென்றது, தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றில் சிறந்த வீராங்கனையும் அவரே. அதே 2024இல் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏ தேர்வில் மூன்றாவது இடத்தில் எடுக்கப்பட்டார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. பெஞ்சில் இருந்த ஆண்டில் அவர் திறமை குறைந்துவிடவில்லை, அவருக்கு முன்னால் யார் இருந்தார் என்பதே நிமிடத்தைத் தீர்மானித்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் மகள் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. "எனக்கு ஏன் நேரம் தருவதில்லை?" என்று கேட்டால் பொதுவான ஆறுதல்தான் கிடைக்கும். "எந்தச் சூழலில் என்னை இறக்க நினைக்கிறீர்கள், அதற்கு நான் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?" என்று கேட்டால் பயிற்சிக்கு உதவும் பதில் வரும். இரண்டாவது, இந்தப் பருவம் அவளுடைய தகுதிக் காலத்தில் ஒன்றாகக் கணக்கிடப்படுகிறதா என்பது. கூடைப்பந்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் ஒரு நிமிடம் இறங்கினாலும் ஒரு பருவம் செலவானதாகக் கொள்வதே நெடுநாள் நடைமுறை. தகுதி விதிகள் அடிக்கடி மாறிவருவதால் கல்லூரியில் விதிமுறைகளைக் கவனிக்கும் அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. உதவித்தொகையைப் பற்றியும் அவரிடமே விசாரிக்கலாம். இரண்டாம் பிரிவில் ஓர் அணிக்கு 10 முழு உதவித்தொகைக்கு ஈடான தொகையே உச்சவரம்பு, அதைப் பலருக்குப் பிரித்தும் கொடுக்கலாம் என்பதால், அடுத்த ஆண்டுக்கான பங்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு நிமிடங்களைவிட முக்கியமானது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். 8 நிமிடம் ஆடியவரையும் 32 நிமிடம் ஆடியவரையும் ஒப்பிட ஏதேனும் நேர்மையான அளவுகோல் உண்டா? 40 நிமிடத்துக்கு இத்தனை புள்ளி என்று மாற்றிக் காட்டும் பட்டியல்களை என் பேத்தி காட்டினாள். எனக்கு ஏனோ நம்பிக்கை வரவில்லை.
— பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: உங்கள் ஐயம் சரியானது, ஐயா. 8 நிமிடத்தில் 6 புள்ளி எடுத்த ஒருவரை 40 நிமிடத்துக்குப் பெருக்கினால் 30 புள்ளி வரும். நாட்டின் முதல் வீராங்கனையே ஒரு பருவம் முழுவதும் எட்டிப்பிடிக்கத் திணறும் எண் அது. 2023-24இல் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் ஆட்டத்துக்கு 31.6 புள்ளி எடுத்தார். அதை நாடே வியந்து பார்த்தது. ஆகவே அந்தப் பெருக்கல் மூன்று அனுமானங்களை மறைத்துவைத்திருக்கிறது: அவர் களைப்படைய மாட்டார், எதிரணி அவருக்கெனத் தடுப்பை மாற்றிக்கொள்ளாது, அவர் எப்போதும் அதே தரத்து எதிராளிகளையே சந்திப்பார். மூன்றும் நடைமுறையில் பொய்த்துவிடும்.

ஆனாலும் அந்தக் கணக்கை முழுவதும் தள்ளிவிடக் கூடாது. ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), ஃபவுல், டர்ன்ஓவர் (எறியாமலே பந்தை இழப்பது) போன்றவை ஆடும் நேரத்தோடு ஏறத்தாழ ஒரே விகிதத்தில் ஏறுபவை. அவற்றை 40 நிமிடத்துக்கு மாற்றிப் பார்ப்பதில் பயனுண்டு. 8 நிமிடத்தில் 2 ஃபவுல் செய்பவர் 40 நிமிடத்தில் 10 செய்வார். ஐந்தாவது ஃபவுலில் வெளியேற வேண்டிய ஆட்டத்தில் அவரால் 20 நிமிடத்தைத் தாண்ட முடியாது. பயிற்சியாளர் ஏன் அவரை நீண்ட நேரம் வைத்திருப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

புள்ளிகளுக்கு நேரத்தை மறந்துவிட்டு முயற்சிகளைக் கொண்டு அளப்பதே மேல். இருவர் ஆளுக்குப் பத்து முறை எறிகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் ஐந்து இரு-புள்ளிக் கூடைகள் போடுகிறார். இரண்டாமவர் நான்குதான் போடுகிறார், ஆனால் அதில் இரண்டு மூன்று-புள்ளிக் கூடைகள். சாதாரண விழுக்காட்டில் 50, 40 என்று இரண்டாமவர் பின்தங்குவார். மூன்று-புள்ளிக் கூடையை ஒன்றரைக் கூடையாகக் கணக்கிட்டால் இருவருக்குமே 50 விழுக்காடு. இருவரும் எடுத்ததும் பத்துப் புள்ளிதானே. ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் எறிதல்களான ஃப்ரீ த்ரோக்களையும் சேர்க்க வேண்டுமானால், எடுத்த புள்ளிகளை இருமடங்கு முயற்சிகளால் வகுப்பார்கள். அங்கே முயற்சி என்பது களத்திலிருந்து எறிந்தவற்றோடு, ஃப்ரீ த்ரோக்களை 0.475ஆல் பெருக்கிக் கூட்டியது. கல்லூரி ஆட்டத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படும் பெருக்கெண் அது. பெஞ்சிலிருந்து வருபவரையும் தொடக்க ஐவரில் ஒருவரையும் இந்த அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம்.

ஆனால் கணித ஆசிரியரான உங்களுக்கு அடுத்த சிக்கல் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒருவர் 20 ஆட்டங்களில் தலா 8 நிமிடம் ஆடினால் பருவம் முழுவதுக்கும் 160 நிமிடம். அது நான்கு முழு ஆட்டங்களுக்குச் சமம். நான்கு ஆட்டங்களை வைத்து எந்தத் தொடக்க வீராங்கனையையும் நாம் எடைபோட மாட்டோம். அந்த 160 நிமிடத்தில் அவர் 12 மூன்று-புள்ளி முயற்சிகள் செய்து 4 போட்டால் 33 விழுக்காடு, 5 போட்டால் 42 விழுக்காடு. வளையத்தின் விளிம்பில் பட்ட ஒரே ஒரு பந்து ஒருவரைச் சுமாரானவராகவோ அபாரமானவராகவோ ஆக்கிவிடுகிறது.

பிளஸ்-மைனஸ் என்று இப்போது ஸ்கோர் ஷீட்டுகளில் வரும் எண்ணும் இதே நோய் கொண்டது. ஒருவர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாக, அல்லது குறைவாக எடுத்தது என்பதே அது. தடுப்பாட்டத்தையும், ஸ்கோர் ஷீட்டில் ஏறாத சிறு வேலைகளையும் அது உள்ளடக்குவது உண்மை. ஆனால் கூட ஆடும் நால்வர் யார் என்பது அதில் பாதிக்கு மேல் விளையாடிவிடும். அணி 30 புள்ளி முன்னிலையில் இருக்கும்போது இறங்கி, எதிரணியின் இரண்டாம் வரிசையோடு ஆடிச் சேர்த்த பிளஸ் 9ஐயும், சமநிலையில் இரண்டாம் கால்பகுதியில் சேர்த்த பிளஸ் 3ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது.

ஆகவே நான் பார்ப்பது நிமிடத்தின் எண்ணிக்கையைவிட அதன் முகவரியை. அந்த 8 நிமிடம் எந்தக் கால்பகுதியில், எந்த ஸ்கோரில், யாருக்கு எதிராகக் கிடைத்தது? நான்காம் கால்பகுதியில் வித்தியாசம் ஐந்துக்குள் இருக்கும்போது ஒருவரை இரண்டு நிமிடம் இறக்குகிறார்கள் என்றால், பயிற்சியாளர் அவரை எப்படி மதிக்கிறார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஆட்ட விவரப் பதிவில் ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். பேத்தியிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ஐயா, நீங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவீர்கள்.

கேள்வி: அமெரிக்கப் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்தின் 2024 இறுதி ஆட்டத்தை ஞாயிறு இரவு 9 மணிக்குக் குடும்பமாகப் பார்த்தோம். பெஞ்ச் புள்ளிகள் 37-0 என்று திரையில் காட்டினார்கள். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது? அயோவா தோற்றதற்கு அதுதான் காரணமா?
— லெனேஷியா வாசகி

பதில்: ஆட்டத்தைத் தொடங்கிய ஐவரைத் தவிர மற்றவர்கள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகையே பெஞ்ச் புள்ளி. அந்த ஆட்டத்தில் சவுத் கரோலினா 87-75 என்று வென்றது. அயோவாவின் 75 புள்ளிகளும் தொடக்க ஐவரே எடுத்தவை; சவுத் கரோலினாவுக்குத் தொடக்க ஐவர் 50 எடுக்க, மீதி 37 பெஞ்சிலிருந்து வந்தது. அணியிலேயே அதிகப் புள்ளி, 19, எடுத்தவர் பெஞ்சிலிருந்து வந்த முதலாண்டு மாணவி டெஸா ஜான்சன்.

இருந்தாலும் காரணம் அது மட்டும் என்று சொல்லத் துணிய மாட்டேன். அயோவா 10-0 என்று தொடங்கி, முதல் கால்பகுதி முடிவில் 27-20 என்று முன்னே இருந்தது. கிளார்க் அந்தப் பத்து நிமிடத்திலேயே 18 புள்ளி எடுத்தார். மீதி மூன்று கால்பகுதிகளிலும் சேர்த்து அவர் எடுத்தது 12. அவரைத் தடுப்பதற்கு ஆள் மாற்றி ஆள் அனுப்ப முடிந்தது பெஞ்சின் ஆழம் தந்த வசதி. ஆனால் ரீபவுண்டில் 51-29 என்ற இடைவெளிக்கு முதற்காரணம் உயரமும் உடல்வலுவும். கார்டோசோ ஒருவரே 17 எடுத்தார், அவர் தொடக்க ஐவரில் ஒருவர்.

பெஞ்ச் ஆழமாக இருந்தால் வெற்றி நிச்சயம் என்ற எண்ணத்துக்கு எதிர்ச்சாட்சி முந்தைய ஆண்டிலேயே இருக்கிறது. 2023 அரையிறுதியில் இதே சவுத் கரோலினா, இதே ஆழத்தோடு, அதுவரை ஒரு தோல்வியும் காணாமல் வந்து, அயோவாவிடம் 77-73 என்று தோற்றது. கிளார்க் அன்று 41 புள்ளி எடுத்தார்.

கேள்வி: நான் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் வசிக்கிறேன், டர்பனில் ஒரு பல்கலைக்கழக அணிக்கு, கூடையருகே ஆடும் சென்டராக ஆடுகிறேன். முதல் பாதியில் இரண்டாவது ஃபவுல் விழுந்தவுடன் பயிற்சியாளர் என்னை வெளியே இழுத்துவிடுகிறார். அந்த நேரத்தில் அணி பின்தங்கிவிடுகிறது. இது நியாயமா?
— ஒரு மாணவி

பதில்: நியாயம் என்பதைவிட, இது லாபமா என்று கேட்டுப் பார்ப்போம். ஐந்தாவது ஃபவுலில் வெளியேறினால் கடைசி நிமிடங்களில் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பது பயிற்சியாளரின் அச்சம். அந்த அச்சத்தால் இரண்டாம் கால்பகுதியின் 8 நிமிடத்தை அவர் தாமே கொடுத்துவிடுகிறார். ஆட்டத்தின் முடிவில் நீங்கள் 3 ஃபவுலோடு நிற்கிறீர்கள் என்றால், வரக்கூடிய இழப்பைத் தவிர்க்க நிச்சயமான இழப்பை ஏற்றுக்கொண்டார் என்று ஆகிறது. முதல் பாதியில் எடுக்கும் இரண்டு புள்ளியும் கடைசி நிமிடத்தில் எடுக்கும் இரண்டு புள்ளியும் ஸ்கோரில் ஒன்றுதான்.

மேலே சொன்ன 2023 அரையிறுதியே இதற்கும் உதாரணம். ஆலியா பாஸ்டன் தொடக்கத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்கி, முதல் பாதியின் பெரும்பகுதியைப் பெஞ்சில் கழித்தார். அணி நான்கு புள்ளியில் தோற்றது. பயிற்சியாளர் டான் ஸ்டேலி அனுபவத்தில் யாருக்கும் குறைந்தவர் அல்லர், ஆகவே அது தவறு என்று தொலைக்காட்சி முன்னிருந்து தீர்ப்பளிப்பது சரியல்ல. ஆனாலும் அந்த நிமிடங்களின் விலை என்ன என்ற கேள்வி அந்த ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

உங்கள் பயிற்சியாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரண்டு ஃபவுலோடு ஆடும் சென்டர் பலர், மூன்றாவதுக்குப் பயந்து கையைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர் களத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்று. நீங்கள் அப்படி ஆடுபவரா என்பதைப் பழைய ஆட்டத்தின் காணொளியைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு சமரசத்தைக் கேளுங்கள்: எதிரணி எறியும்போது வெளியே, நம் அணி எறியும்போது உள்ளே என்று மாற்றி மாற்றி இறக்கலாம். பந்து நின்றிருக்கும் ஒவ்வொரு வாய்ப்பிலும் மாற்றம் செய்ய விதி இடம் தருகிறது. பயிற்சியாளருக்கு வேண்டியது கவனம் மட்டுமே. பல நாள் தொடராக நடக்கும் பல்கலைக்கழகப் போட்டிகளில் நாள்தோறும் ஆட்டம் இருக்கும் என்பதால், அங்கே உங்களுக்குக் கிடைக்கும் சில நிமிட ஓய்வு தண்டனையாகத் தோன்றாது.

கேள்வி: நெட்பால் பயிற்றுநரான எனக்கு ஒரு வியப்பு. எங்கள் ஆட்டத்தில் ஏழு பேரை நிலையாக வைத்து, பெரும்பாலும் கால்பகுதி இடைவேளையில்தான் மாற்றுவோம். கூடைப்பந்தில் ஐந்து பேரையும் ஒரே நேரத்தில் மாற்றும் ஓர் அணியைப் பார்த்தேன். இது என்ன உத்தி?
— டோங்காட் வாசகி

பதில்: நீங்கள் பார்த்தது டென்னசி பல்கலைக்கழக அணியாக இருக்கக்கூடும். 2024இல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்த கிம் கால்டுவெல், தம்முடைய பழைய அணியான கிளென்வில் ஸ்டேட்டை இதே முறையில் 2022இல் இரண்டாம் பிரிவுச் சாம்பியன் ஆக்கியவர். களம் முழுவதும் நெருக்கித் தடுப்பது, விரைந்து எறிவது, மூன்று-புள்ளி முயற்சிகளை நிறையச் செய்வது ஆகிய மூன்றும் அவருடைய முறை. இந்த வேகத்தில் யாராலும் நான்கைந்து நிமிடம் ஓட முடியாது என்பதால், ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை ஐவரையும் மாற்றிவிடுவார். எதிரணியின் முதல் ஐவர் மூச்சு வாங்கும்போது இவருடைய இரண்டாம் ஐவர் புதிதாக வந்து நிற்பார்கள். 2025 பிப்ரவரியில் டென்னசி, அந்தப் பருவத்தில் பின்னர் சாம்பியனான கனெக்டிகட்டை 80-76 என்று வென்றது இம்முறையில்தான்.

இதில் எனக்குப் பிடித்தது, பெஞ்ச் என்ற சொல்லின் கனமே குறைந்துவிடுவது. பத்துப் பேருக்கும் தமக்கான வேலை உண்டு. பிடிக்காதது, நன்றாக எறிந்துகொண்டிருக்கும் ஒருவரைக் கடிகாரம் பார்த்து வெளியே எடுக்க வேண்டியிருப்பது. நட்சத்திர வீராங்கனை ஒருவர் 25 நிமிடத்துக்குமேல் ஆட வாய்ப்பில்லாத அணிக்குச் சேர எத்தனை பேர் விரும்புவார்கள் என்பதும் அந்த அணியின் முன்னுள்ள கேள்வி. உங்கள் மாணவியர் கூடைப்பந்தும் ஆடுகிறார்கள் என்றால், முழுமுறையையும் எடுக்காமல், மூன்றாம் கால்பகுதியின் முதல் நான்கு நிமிடத்துக்கு மட்டும் இதை முயன்று பார்க்கலாம்.

கேள்வி: 15 பேரைச் சேர்த்து எட்டுப் பேரை மட்டும் ஆடவைப்பதானால் மற்ற எழுவர் எதற்கு?
— வெருலம் வாசகர்

பதில்: 2024 ஜனவரியில் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணியைக் கேட்டால் சொல்வார்கள். காயங்களால் களம் இறக்கப் போதிய ஆள் இல்லாமல் இரண்டு ஆட்டங்களை விட்டுக்கொடுத்து, வளாகத்தில் பொதுத் தேர்வு நடத்தி, படித்துக்கொண்டிருந்த மாணவியரிலிருந்து நால்வரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கனெக்டிகட் போன்ற பெரிய அணியே, ஆடத் தகுதியுள்ளவர் எண்ணிக்கை ஏழுக்குக் கீழே போனதால் ஓர் ஆட்டத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தது. முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது இளம் பெண்களிடம் ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். அது நேர்ந்தால் பருவமே போய்விடும். அந்த எழுவர் இல்லாமல் பயிற்சியில் ஐவருக்கு எதிராக ஐவரை நிறுத்தவும் முடியாது.

கேள்வி: பெஞ்சில் இருப்பவர் களத்துக்குள் ஓடிவந்ததற்காக வெளியேற்றப்பட்டதைப் பார்த்தேன். ஆடாதவருக்கும் தண்டனையா?
— மெரிபேங்க் வாசகர்

பதில்: ஆம். சண்டை மூளும்போது பெஞ்ச் எல்லையைத் தாண்டினாலே வெளியேற்றம். விலக்கிவிடத்தான் வந்தேன் என்பது செல்லாது. 2024 மார்ச்சில் எஸ்இசி இறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் சவுத் கரோலினா, எல்எஸ்யு (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆகிய இரு அணியிலும் இப்படிச் சிலர் வெளியேற, இரு பக்கமும் பெஞ்ச் மெலிந்துபோய்த்தான் ஆட்டம் முடிந்தது. சவுத் கரோலினா 79-72 என்று வென்றது.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் முதல் பிரிவு அணி ஒன்றில் இரண்டாமாண்டு. நேரம் கிடைக்காததால் வேறு கல்லூரிக்கு மாறத் துடிக்கிறாள். மாறலாமா?
— ஒரு தந்தை, லௌடியம்

பதில்: விதி இப்போது தடையாக இல்லை. படிப்பில் தகுதியோடு இருக்கும் மாணவி, எத்தனை முறை மாறினாலும் ஓராண்டு உட்காராமல் உடனே ஆடலாம் என்று 2024 ஏப்ரலில் மாற்றிவிட்டார்கள். மாறும் விருப்பத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. ஆறாவது வீராங்கனைக்கான எஸ்இசி விருதை வென்ற கையோடு மிலேசியா ஃபுல்வைலி 2025இல் சவுத் கரோலினாவை விட்டு எல்எஸ்யுவுக்குப் போனார். 20 நிமிடத்துக்கும் குறைவாக ஆடி 11 புள்ளிக்கு மேல் சராசரி வைத்திருந்தவர் அவர். கூடுதல் நேரம் கேட்பதற்கு அவரிடம் சான்று இருந்தது. உங்கள் மகளிடம் அப்படி ஏதேனும் இருக்கிறதா, மேலே மாரிட்ஸ்பர்க் வாசகருக்குச் சொன்ன முறையில், அவளுடைய நிமிடங்கள் எப்போது கிடைத்தவை என்று பாருங்கள். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டங்களின் இறுதியில் மட்டும் கிடைத்தவை என்றால், இன்னொரு முதல் பிரிவு அணியும் அவளை அதே இடத்தில்தான் வைக்கும். அப்போது இரண்டாம் பிரிவு அணியில் 25 நிமிடம் என்பது மதிப்பான மாற்று. அதைத் தாழ்வாக நினைக்க ஒன்றுமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஃப்-1 விசாவில் படிப்பவருக்கு மாற்றம் என்பது அணியோடு முடிவதில்லை. பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அவளுடைய பதிவைப் புதிய கல்லூரிக்கு விடுவிக்க வேண்டும், புதிய கல்லூரி புதிய ஐ-20 படிவம் தர வேண்டும், இடையில் முழுநேர மாணவி என்ற நிலை அறுந்துவிடக் கூடாது. பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் வாய்ப்பைக் காட்டி எவரேனும் அழைத்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க மாணவியர்க்கு இயல்பாகிவிட்ட அந்த வருமானம், எஃப்-1 விசாவில் இருப்பவருக்கு அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படும் ஆபத்து உண்டு. மாறும் விருப்பத்தைப் பதிவு செய்தவுடன் இப்போதைய கல்லூரி அவளுடைய உதவித்தொகையை அடுத்த பருவத்துக்குத் தொடரக் கடமைப்பட்டதா என்பதையும் முதலிலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை அவள் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.